பிரிட்டன் ஸ்கில்டு வொர்க்கர் விசா மறுப்பு: மறுஆய்வா, புது விண்ணப்பமா?

மறுப்புக் கடிதத்தில் உள்ள காரணத்தை முதலில் படியுங்கள். அனுப்பிய ஆவணத்தை அதிகாரி கவனிக்கவில்லை, விதியைத் தவறாகப் பொருத்தினார் என்றால் நிர்வாக மறுஆய்வு, அதாவது அந்த முடிவை மறுபடி பரிசீலிக்கும்படி கேளுங்கள். கட்டணம் 80 பவுண்டு. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவருக்கு முடிவு கிடைத்ததிலிருந்து 28 நாள் அவகாசம். பிரிட்டனுக்குள் இருப்பவருக்கு 14 நாள்தான். பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: விட்டுப்போன வங்கி அறிக்கையை இப்போது இணைப்பார்கள். அதைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். முதலில் கொடுத்ததை வைத்தே பார்ப்பார்கள்.

ஆவணமே குறை என்றால் புது விண்ணப்பம்தான் சரி. விசாக் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும். பிரிட்டனின் பொது மருத்துவச் சேவைக்காக முன்பு கட்டிய சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும். வேலை தரும் நிறுவனம் கொடுத்த பழைய ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் உதவாது, நிறுவனம் புதியது தர வேண்டும். மறுஆய்வு நிலுவையில் இருக்கையில் புதிதாக விண்ணப்பித்தால் மறுஆய்வு ரத்தாகிவிடும், கவனம்.