மழை ராத்திரியில் ஏறும் புழு: கோழிக்கான புழுத்தொட்டியோடு மூன்றாவது மழைக்காலம்

புழுத்தொட்டி விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று தாம்பரத்து நண்பர் நேற்று சாயங்காலம் கேட்டார். ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. இன்று காலை ஐந்து மணிக்கு, கொல்லையில் துவைக்கிற கல்லைச் சுற்றி விளக்குமாறும் முறமுமாகப் புழு அள்ளிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

மடிப்பாக்கத்தில் தரைத்தள வீடு. ஏழு பெட்டை, ஒரு சேவல், எல்லாம் சிறுவிடை ரக நாட்டுக்கோழி. 2023 தொடக்கத்தில் இந்தத் தொட்டியை வாங்கினேன். சமையலறைக் கழிவைத் தின்று வளரும் கருப்பு சிப்பாய் ஈயின் (Black Soldier Fly) புழுவைக் கோழித் தீனிக்காக வளர்க்கிற தொட்டி இது: நாலு கால், மேலே மூடி, புழு ஏறி வெளியே வர ஒரு சாய்தளம், அது முடிகிற இடத்தில் ஒரு வாளி.

எனக்கு இதில் ஆசை வந்ததே பாட்டியால்தான். ஊரில் பழைய பானைக்குள் சாணி, வைக்கோல், கிழிந்த சாக்கு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, ராத்திரி புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைப்பார். விடிந்து பார்த்தால் பானை நிறையக் கரையான் இருக்கும். குஞ்சுகள் அதைத் தின்றுதான் தேறின. நகரத்து வீட்டில் கரையானைக் கூப்பிட முடியாது, நிலையும் கதவும் போய்விடும். இந்த ஈயால் அப்படி ஒரு தொல்லையும் இல்லை. வளர்ந்த ஈ கடிக்காது, சோற்றில் வந்து உட்காராது, ஒரு வாரம் போல இருந்து முட்டையிட்டுச் செத்துப்போகும். முதல் தடவை மட்டும்தான் புழு விலைக்கு வாங்கினேன். அப்புறம் தானாகவே ஈ வந்தது. அட்டைப்பெட்டியைக் கிழித்து, அந்த நெளிநெளியான துண்டுகளைத் தொட்டி விளிம்பில் சொருகி வைத்தால் போதும், இடுக்கில் முட்டை வைத்துவிடும். நாலைந்து நாளில் பொரிந்து, இரண்டு மூன்று வாரத்தில் விரல் நுனி அளவுக்குத் திரண்டுவிடும். எறும்பு வந்து ஈயின் முட்டையைத் தின்றுவிடாமல் இருக்கத் தொட்டியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன்.

எனக்கு இன்றும் அலுக்காத விஷயம் ஒன்று உண்டு. தீனி தின்று முடித்த புழு கருத்துப்போய், கூட்டுப்புழுவாக இடம் தேடித் தானே சாய்தளத்தில் ஏறி வாளியில் விழும். நாம் கையை விட்டுக் கிளற வேண்டியதில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு எட்டுக் கோழியும் வாளியைச் சுற்றி நின்றுகொண்டிருக்கும். தினம் ஒரு கிலோ போல காய்த்தோல், பழத்தோல், மிச்சச் சோறு போடுகிறேன், இருநூறு கிராம் புழுவாவது கிடைக்கிறது. 75 நாளில் தீர்ந்துகொண்டிருந்த 50 கிலோ தீவன மூட்டை இப்போது 90 நாள் வருகிறது. கோடையில் தொட்டாலே நொறுங்கிய முட்டை ஓடு இப்போது கெட்டியாக இருக்கிறது, இந்தப் புழுவில் சுண்ணாம்புச் சத்து அதிகம். கொழுப்பும் அதிகம் என்பதால் வெறும் புழுவையே போட்டு வளர்க்கக் கூடாது.

சரி, மழைக்கு வருகிறேன். சுவர் காய்ந்திருந்தால் இந்தப் புழு செங்குத்தாக ஏறாது. ஈரம் பட்டால் எந்தச் சுவரிலும் ஏறும். தொட்டியோடு வந்ததோ காற்றோட்டமே இல்லாத பிளாஸ்டிக் மூடி. புழுக்கூட்டத்தின் சூட்டில் உள்ளே ஆவி கிளம்பி ராத்திரியில் மூடியிலும் சுவரிலும் முத்து முத்தாகப் படிகிறது. கருத்த புழு மட்டுமில்லை, பாதி வளர்ந்த வெள்ளைப் புழுவும் சேர்ந்து ஏறி இடுக்கு வழியாக வெளியே வந்துவிடுகிறது. ‘மழைக்கும் தாங்கும்’ என்று அட்டையில் அச்சடித்து விற்றவர்கள் ஐப்பசி மாதத்தில் ஒரு ராத்திரி இதைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டாமா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் இல்லாத இருட்டில் கூடம் வரை வந்துவிட்டன. அம்மா கட்டிலை விட்டு இறங்கவே இல்லை.

மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலை கட்டினேன், சாரல் உள்ளே வந்தது. மேலே தகரம் போட்டேன். காய்ந்த தென்னை நார்க்கழிவை மேலாக இரண்டு அங்குலம் பரப்பியபோது புழு ஏறுவது பாதிக்குமேல் நின்றது. தண்ணீர் வடியும் பழத்தை மழைக்காலத்தில் போடுவதில்லை. ஆனாலும் நேற்று மாதிரி விடாமல் கொட்டினால் ஒன்றும் எடுபடவில்லை. போன மாதம் சாய்தளம் விரிசல் விட்டது. மாற்றுப் பாகம் கிடையாது, புதுத் தொட்டியே வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கடையில் பிவிசி குழாய் வாங்கி நீளவாக்கில் அறுத்து நானே பொருத்தினேன். பழையதைவிட நன்றாக வேலை செய்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா முதலில் ஈ வரும் என்று சண்டைக்கே வந்தார். இந்தப் புழு நிறைந்த இடத்தில் வீட்டு ஈ முட்டையிட வருவது குறைவு என்பதை அவரே ஒரு கோடையில் பார்த்துவிட்டார். இப்போது அவர் வீட்டுக் காய்த்தோலும் என் தொட்டிக்குத்தான் வருகிறது.

நண்பருக்கு மொட்டைமாடியில்தான் இடம், மறைப்பும் கிடையாது. வாங்க வேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். மூடியை மாற்றாமல் விலையை இன்னும் பாதியாகக் குறைத்தாலும் என் பதில் இதுதான்.