கூட்டுக் குடும்பமா, தனிக்குடித்தனமா? அமெரிக்க நகரங்களும் அவற்றின் பள்ளிகளும்

சென்னையில் மாநகராட்சிப் பள்ளியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அமெரிக்கா போனதும் ஒரு விஷயம் புரியவே புரியாது. ஊருக்கு மேயர் இருப்பார், அதே ஊரில் அரசுப் பள்ளிகளும் இருக்கும். ஆனால் பெரும்பாலான இடங்களில் அந்தப் பள்ளிகளுக்கும் மேயருக்கும் சம்பந்தம் கிடையாது. பள்ளிகளை நடத்துவது 'பள்ளி மாவட்டம்' என்ற தனி அரசாங்கம். அதற்குத் தனித் தேர்தல், தனி வாரியம், பல மாநிலங்களில் தனி சொத்து வரி. பள்ளி வாசல்வரை சாலை நகரத்துடையது, வாசலைத் தாண்டினால் மாவட்டத்துடையது. நாடு முழுக்க இப்படி சுமார் 13,000 மாவட்டங்கள்.

இந்தப் பிரிவினை சும்மா வந்ததல்ல. நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன் பெருநகரங்களில் வார்டு அரசியல்வாதிகள் ஆசிரியர் வேலையையும் கட்டட ஒப்பந்தத்தையும் வேண்டியவர்களுக்கு வாரிக் கொடுத்தார்கள். அதைத் தடுக்கத்தான் பள்ளியைத் தனிக்குடித்தனம் வைத்தார்கள். பின்னாளில் வேறு தலைவலி வந்தது. ஒரே பிள்ளைக்குக் காலையில் ஒரு அரசாங்கம் பொறுப்பு, மாலையில் இன்னொரு அரசாங்கம். அவன் பசிக்கும் பல்வலிக்கும் இருவருமே பொறுப்பில்லை.

இதற்கு நகரங்கள் கண்ட வழிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, பள்ளியை மேயரிடமே ஒப்படைத்துவிடுவது, நியூயார்க் அப்படி. இன்னொன்று, தனித்தனியாகவே இருந்துகொண்டு சில வேலைகளுக்கு மட்டும் நகரம் பணம் தருவது, சியாட்டில் அப்படி. என் ஓட்டு சியாட்டிலுக்கு. ஆனால் ஒரு விஷயத்தில் நியூயார்க் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2014. இரண்டு ஊர்களுமே நான்கு வயதுப் பிள்ளைகளுக்கான முன்பருவக் கல்வியைக் கையில் எடுத்த வருடம். நியூயார்க்கில் மேயர் பில் டி பிளாசியோ ஜனவரியில் பதவியேற்றார். செலவுக்குப் பணக்காரர்கள் மேல் வரி போட நினைத்தார். மாநில அரசு அதற்கு மறுத்துவிட்டு 30 கோடி டாலரை நேரடியாகக் கொடுத்தது. செப்டம்பரில் பள்ளி திறந்தபோது முழுநாள் வகுப்புகளில் 50,000-க்கு மேற்பட்ட குழந்தைகள். முந்தைய வருடம் அந்த எண்ணிக்கை 20,000 சுமார். அடுத்த ஆண்டே 65,000-ஐத் தாண்டிவிட்டது. பள்ளிக் கட்டடத்தில் இடமில்லாத பகுதிகளில் தொண்டு நிறுவனங்களின் மையங்களிலும் வகுப்புகள் நடந்தன. கல்வித் துறை, சுகாதாரத் துறை, தீயணைப்புத் துறை மூன்றும் ஒரே ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டியவை என்பதால், அனுமதிக் காகிதம் மேசை மேசையாகத் தூங்கவில்லை.

அதே வருடம் நவம்பரில்தான் சியாட்டில் மக்கள் இதற்கு வாக்களித்தார்கள். நான்கு வருடத்துக்கு 5.8 கோடி டாலர், முடிவில் 2,000 குழந்தைகள் என்பது இலக்கு. முதல் வகுப்புகள் 2015-இல் தொடங்கின, அதுவும் சில நூறு பிள்ளைகளோடு. சியாட்டில் சிறிய ஊர், நியூயார்க்கில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது என்பதைக் கழித்துப் பார்த்தாலும் வேகத்தில் வித்தியாசம் கண்கூடு.

சரி, அப்படியானால் மேயரிடமே கொடுத்துவிடலாமே? இங்கேதான் நியூயார்க்கின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். 2002-இல் மாநிலச் சட்டமன்றம் பழைய கல்வி வாரியத்தை ஓரங்கட்டி, மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் கையில் பள்ளிகளைக் கொடுத்தது. தலைமை நிர்வாகியான சான்சலரை நியமிப்பது மேயர். கொள்கைக் குழு என்று ஒன்று இருந்தது. அதன் 13 பேரில் 8 பேர் மேயர் பக்கம். 2004 மார்ச்சில், மூன்றாம் வகுப்புத் தேர்வில் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தும் திட்டம் குழுவின் முன் வந்தது. சில உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களிப்பார்கள் என்று தெரிந்ததும், வாக்கெடுப்பு நடந்த அன்றே மேயர் தன் நியமன உறுப்பினர் இருவரை நீக்கினார், நகரின் ஒரு பகுதியான ஸ்டேட்டன் ஐலண்டின் உறுப்பினர் ஒருவரும் மாற்றப்பட்டார். திட்டம் நிறைவேறியது. அப்புறம் 2011-இல் பத்திரிகை நிறுவன நிர்வாகியான கேத்தி பிளாக்கைச் சான்சலராக உட்கார வைத்தார். கல்வித் துறை அனுபவம் இல்லாததால் மாநிலத்திடம் விதிவிலக்கு வாங்க வேண்டியிருந்தது. அவர் தாக்குப்பிடித்தது மூன்று மாதம்தான்.

ஆக, 50,000 குழந்தைகளை எட்டே மாதத்தில் வகுப்பறைக்குக் கொண்டுவந்த அதிகாரமும், மறுத்துப் பேசியவரை மாலைக்குள் வீட்டுக்கு அனுப்பிய அதிகாரமும் ஒன்றுதான். போதாக்குறைக்கு இந்த அதிகாரம் நிரந்தரமும் இல்லை. காலக்கெடு வைத்த சட்டம் என்பதால் சில வருடத்துக்கு ஒருமுறை மேயர் மாநிலத் தலைநகரான ஆல்பனிக்குப் போய் நிற்க வேண்டும். 2009-இல் சட்டம் காலாவதியாகி, சில வாரங்கள் பழைய வாரியமே திரும்பி வந்த கூத்தும் நடந்தது.

மேயர் முறையின் உண்மையான விலையைத் தெரிந்துகொள்ள சிகாகோவைப் பார்க்க வேண்டும். அங்கே 1995-இலிருந்து சுமார் முப்பது வருடம் மேயர்தான் எல்லாம். 2013-இல் மேயர் ரம் இமானுவேல் ஒரே வீச்சில் 50 பள்ளிகளை மூட முடிவெடுத்தார். வாரியம் அவருடையது, தடுக்க ஆளில்லை. அந்தக் கோபம் உள்ளே கனன்றுகொண்டே இருந்தது. 2021-இல் மாநிலம் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்துக்குச் சட்டம் இயற்றியது. 2024 நவம்பரில் 10 பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், 11 பேரை மேயர் நியமித்தார். 2027 ஜனவரியில் 21 இடமும் தேர்தல் மூலமே நிரம்பும்.

கூட்டுக் குடும்பம் பாகம் பிரியும்போதுதானே அண்டா யாருடையது என்ற கேள்வி வரும்? சிகாகோவில் அந்த அண்டா, ஓய்வூதியம். ஆசிரியர்களுக்குத் தனி நிதி உண்டு. ஆனால் பள்ளியின் துப்புரவுப் பணியாளர், உதவியாளர் போன்றோரின் ஓய்வூதியம் நகராட்சி ஊழியர் நிதியில் இருக்கிறது. சட்டப்படி அதற்குப் பணம் போட வேண்டியது நகரம். இரண்டும் ஒரே மேயரின் கீழ் இருந்தபோது நெடுங்காலம் இதை யாரும் பெரிதாகக் கிளறவில்லை. பிரிவினை நெருங்கியதும் நகரம் 17.5 கோடி டாலரைக் கேட்டது. பள்ளிகளோ ஏற்கெனவே கடனில். 30 கோடி டாலர் கடன் வாங்கியாவது சமாளிக்கலாம் என்றது மேயர் பிராண்டன் ஜான்சன் தரப்பு. பள்ளித் தலைமை நிர்வாகி பெட்ரோ மார்டினெஸ் மறுத்தார். 2024 அக்டோபரில் வாரியத்தின் 7 பேரும் மொத்தமாக விலகினார்கள். அத்தனை பேரும் அந்த மேயரே நியமித்தவர்கள்! அவர்களுக்குப் பதிலாக மேயர் நியமித்த வாரியம் டிசம்பரில் மார்டினெஸை நீக்கியது. முப்பது வருடம் ஒரே பெட்டியில் காசு போட்டு எடுத்ததன் கணக்கு இது.

இப்போது சியாட்டில். 1990-இல் மேயர் நார்ம் ரைஸ் காலத்தில் 'குடும்பம், கல்வி வரி' என்று ஒரு தனி சொத்து வரிக்கு மக்கள் ஒப்புதல் கொடுத்தார்கள்: 7 வருடத்துக்கு 6.9 கோடி டாலர். கெடு முடியும்போதெல்லாம் மறுபடி வாக்குப்பெட்டி. 1997, 2004, 2011, 2018 என்று ஒவ்வொரு முறையும் தேறியிருக்கிறது. 2018-இல் தொகை 62 கோடியை ஒட்டி இருந்தது. 2025 நவம்பரில் 6 வருடத்துக்கு 130 கோடி.

இதில் எனக்குப் பிடித்தது பணத்தின் அளவல்ல, அதற்குப் போட்ட வேலி. அடிப்படைக் கல்விக்குச் செலவழிப்பது மாநிலத்தின் தலையாய கடமை என்று சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தின் அரசியலமைப்பு சொல்கிறது. அதனால் நகரத்தின் பணம் வகுப்பறைக்குள் நுழைவதில்லை. வகுப்பறையைச் சுற்றி நிற்கிறது. பள்ளி வளாகத்திலேயே சுகாதார மையம், பள்ளி முடிந்த பின் வகுப்பு, கோடை வகுப்பு, முன்பருவக் கல்வி, 2018-க்குப் பின் சமுதாயக் கல்லூரியில் இலவசப் படிப்பு. பல்வலிக்காரப் பையன் நினைவிருக்கிறானா? அவனுக்கு இங்கே ஒரு கதவு இருக்கிறது. பள்ளிகளுக்குத் தரும் தொகையில் ஒரு பங்கை, பேசிய இலக்கை எட்டிய பிறகே கொடுக்கும் வழக்கமும் உண்டு. பாடத்திட்டத்திலோ ஆசிரியர் நியமனத்திலோ மேயர் மூக்கை நுழைக்க வழியில்லை. கசந்துபோனால் மக்கள் அடுத்த முறை ஓட்டுப் போடாமல் விட்டுவிடலாம், எந்தச் சட்டமன்றத்திடமும் கெஞ்ச வேண்டாம்.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. சியாட்டிலில் வீட்டு விலை உச்சத்தில் இருப்பதால்தான் இந்த வரி இவ்வளவு திரள்கிறது. தொழிற்சாலை மூடி, வீடுகள் காலியாகக் கிடக்கும் ஊரில் இதே முறையை வைத்தால் வருவது சில்லறைதான். அப்படிப்பட்ட ஊருக்கு என் பரிந்துரை செல்லாது.

பணம் கொடுத்தால் நட்பு வரும் என்றும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவும் இதே வழிதான். 2004-இல் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த ஒரு நிதியிலிருந்து விளையாட்டு, நூலகம், ஓவியம், இசை ஆகியவற்றுக்கு நகரம் பள்ளிகளுக்குத் தருகிறது. அப்படியிருந்தும் கொரோனா காலத்தில் பள்ளியைத் திறக்கவில்லை என்று 2021 பிப்ரவரியில் நகர வழக்கறிஞர் தன் ஊர்ப் பள்ளி மாவட்டத்தின் மீதே வழக்குப் போட்டார். ஒரு வருடம் கழித்து பள்ளி வாரிய உறுப்பினர் மூவரை வாக்காளர்கள் ஓட்டுப் போட்டுப் பதவியிலிருந்து நீக்கினார்கள். தனிக்குடித்தனத்தில் இதெல்லாம் நடக்கும். ஆனால் பாருங்கள், சண்டை நீதிமன்றத்திலும் வாக்குச்சாவடியிலும் வெளிப்படையாக நடந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே மேயர் முறைக்கு அடிப்படையே இடிக்கிறது. பள்ளி மாவட்டத்தின் எல்லைக்குள் லாஸ் ஏஞ்சல்ஸ் தவிர இன்னும் இருபதுக்கு மேற்பட்ட ஊர்கள் முழுதாகவோ பகுதியாகவோ வருகின்றன. ஒரு ஊர் மேயரிடம் மற்ற ஊர்ப் பிள்ளைகளை எப்படிக் கொடுப்பது? 2006-இல் மேயர் அன்டோனியோ வில்லரைகோசா அதிகாரத்தில் பங்கு கேட்டுச் சட்டமே கொண்டுவந்தார். நீதிமன்றம் ரத்து செய்தது, மேல்முறையீட்டிலும் 2007-இல் தோற்றார்.

இந்தப் பெரிய ஏற்பாடுகள் எதற்கும் வழியில்லாத ஊர்களுக்கு ஹூஸ்டன் ஒன்று வைத்திருக்கிறது. 1983-இல் நகர சபை உறுப்பினர் எலினோர் டின்ஸ்லி தொடங்கிய 'ஸ்பார்க்' பூங்காத் திட்டம். ஊரில் பூங்கா போதவில்லை. பள்ளி மைதானங்களோ மாலையில் பூட்டிக் கிடந்தன. மைதானம் பள்ளியுடையது, அதைப் பூங்காவாக மாற்றும் செலவுக்குப் பொதுப் பணமும் நன்கொடையும். பகலில் மாணவர்களுக்கு, மாலையிலும் வார இறுதியிலும் அக்கம்பக்கத்தாருக்கு. இன்றைக்கு அப்படி 200-க்கு மேல் பூங்காக்கள். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், வாரியத்தைக் கலைக்க வேண்டாம். ஊஞ்சல் உடைந்தால் யார் சரிசெய்வது, ராத்திரி கேட்டை யார் பூட்டுவது என்று முதலிலேயே எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டால் போதும்.