ஆல்ட்டோ கே10: டவுனுக்குள்ள சரி, பல்லடம் தாண்டினா?

இந்தக் காரின் நல்லது கெட்டது ரெண்டுக்கும் காரணம் எடைதான். வண்டியே முக்கால் டன் அளவுக்குத்தான் வரும். 998 சிசி எஞ்சின், மூணு சிலிண்டர், 89 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவிசை. காந்திபுரம், ஒப்பணக்கார வீதி நெரிசலுக்கு இது தாராளம். திரும்பும் ஆரம் 4.5 மீட்டர்; சந்தில் ஒரே மூச்சில் வண்டியை ஒடிக்கலாம். ஏசி போட்டு டவுனில் 16-18 மைலேஜ் வரும். பைபாஸில் 80-ஐத் தாண்டாமல் போனால் 22 வரை எதிர்பார்க்கலாம். ஆனால் டேங்க் 27 லிட்டர்தான். கோவையிலிருந்து சென்னை 500 கிலோமீட்டர் என்பதால் உளுந்தூர்பேட்டை வருமுன் ஒருமுறை பங்க்கில் நிறுத்திவிடுங்கள்.

சிக்கல் ஆனி, ஆடியில் தெரியும். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ரோட்டுக்குக் குறுக்கே அடிக்கும். லாரியை ஓவர்டேக் செய்யும்போது அதன் மறைவில் காத்து இருக்காது. முன்பக்கம் வெளியே வந்த நொடியில் மொத்தமாக வந்து அறையும், வண்டி அரையடி விலகும். அம்மியே பறக்கும் காத்தில் இது எம்மாத்திரம்! 70-க்குக் கீழே, ரெண்டு கையும் ஸ்டியரிங்கில், லாரிக்கும் நமக்கும் நல்ல இடைவெளி. சட்டென்று வெட்டித் திருப்பினால் மறுபக்கம் இழுத்துவிடும்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. நாலு பேரும் பெட்டியும் ஏறினால் செகண்ட் கியர்தான், இறுக்கமான வளைவில் ஃபர்ஸ்ட். ஏசியை வளைவுக்கு முன்பே அணையுங்கள். திரும்பும்போது அணைத்துப் பயனில்லை. இறங்கும்போதும் அதே கியர், பிரேக்கை விட்டுவிட்டு அழுத்த வேண்டும். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிமானம் போகும். கிளட்ச் மிதி இல்லாமல் தானாக கியர் மாற்றும் ஏஜிஎஸ் வண்டியில் லிவரை மேனுவலுக்குத் தள்ளுங்கள். டிரைவில் விட்டால் தானாக மேல் கியருக்குப் போய், எஞ்சின் பிடிப்பது குறைந்துவிடும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் வேண்டாம், கிளட்ச் கருகும். ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது?

திருப்பூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பஞ்சுத் தூசி, ஏசியின் சூட்டை வெளியேற்ற முன்னாலுள்ள கண்டென்சரின் தகடுகளில் படர்ந்தால் சிக்னலில் நிற்கும்போது ஏசி குளிராது. கேஸ் தீர்ந்துவிட்டது என்று நிரப்பப் போகுமுன் அதைப் பாருங்கள். குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கிப் பிடித்தால் தகடு மடங்கிவிடும். ஏர் ஃபில்டரை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றி, சுத்தமான பக்கத்திலிருந்து ஊதுங்கள்.

டயர் 13 இன்ச், அகலம் 145தான். குழியில் வேகமாக இறங்கினால் பக்கச் சுவர் வீங்கும். வீங்கினதை மாற்றத்தான் வேண்டும், பஞ்சர் கடையில் சரிசெய்ய முடியாது.