"எட்டு மணி நேரம் தாங்கும் சார்": ஒரு டிசி யுபிஎஸ்ஸில் 14,800 போச்சு

14,800. கரண்ட் போனாலும் ஃபைபர் ஓஎன்டி (கண்ணாடி இழை இணைப்பை வீட்டுக்குள் வாங்கும் பெட்டி), ரவுட்டர், இரண்டு ஐபி போன் (இன்டர்நெட் வழியாகப் பேசும் போன்) ஆகியவை அணையாமல் இருக்க, டிசி யுபிஎஸ் என்கிற பேட்டரிப் பெட்டிக்குக் கொடுத்த தொகை. வந்தது 520 கிராம் எடையுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் "போகட்டும்" என்று விட்டுவிடத் தோன்றும்.

வாங்கிய இடம், யார் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம் என்கிற வகை ஆன்லைன் விற்பனைத் தளம். பெயர் வேண்டாம். இதே டப்பா நாலைந்து பிராண்ட் ஸ்டிக்கர்களோடு எல்லாத் தளங்களிலும் கிடைக்கிறது.

இது ஏன் தேவை என்று கேட்பவர்களுக்கு: பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சின் பேட்டரி வரிசையிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் போன் அடிக்கும். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. ஓஎன்டி அணைந்தால் இன்டர்நெட்டோடு போனும் செத்துவிடும், அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக்கூட அதில் கூப்பிட முடியாது. அதனால்தான் "எத்தனை மணி நேரம்" என்பது இங்கே விளம்பர வாசகமாக இருக்கக் கூடாது.

நம்ப வைத்த விதம்தான் எரிச்சலைக் கிளப்புகிறது. பொதுவாக இந்த விற்பனையாளர்கள் எம்ஏஹெச் (பேட்டரியின் கொள்ளளவு) கணக்கை மட்டும் ஒப்பிப்பார்கள். இந்த ஆள் சாட்டில் லோடு கேட்டார். ஓஎன்டி 8 வாட், ரவுட்டர் 10, போன் ஒவ்வொன்றும் 3, ஆக 24 வாட். (அடாப்டரில் போட்டிருக்கும் 12 வோல்ட் 2 ஆம்பியர் என்பது உச்சவரம்பு. இவை மீட்டரில் அளந்த உண்மையான அளவு.) உடனே அவரே கணக்குப் போட்டுக் காட்டினார்: 60,000 எம்ஏஹெச்சை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 222 வாட்-ஹவர் (எத்தனை வாட்டை எத்தனை மணி நேரம் தரும் என்ற அளவு), வோல்ட்டேஜ் மாற்றத்தில் 15 சதவீதம் போனால் 189, அதை 24-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எட்டு மணி நேரம். "எட்டு மணி நேரம் தாங்கும் சார், எல்லாம் ஏ கிரேடு செல், ஒரு வருஷ வாரண்டி." வாட்-ஹவரில் பேசத் தெரிந்த விற்பனையாளர் கிடைப்பதே அபூர்வம். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. முதலில் போட்ட 60,000 மட்டும்தான் பொய்.

சோதித்துப் பார்த்தபோது தெரிந்தவை இவை.

முதலாவது, திறன். 12 ஓம், 25 வாட் வயர்-வவுண்ட் ரெசிஸ்டரை 12 வோல்ட் அவுட்புட்டில் கட்டினால் சரியாக 1 ஆம்பியர், அதாவது 12 வாட் இழுக்கும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, அடாப்டரைப் பிடுங்கிவிட்டு ஓடவிட்டதில் 3 மணி 10 நிமிடத்தில் டப்பா அணைந்தது. 12 வாட், 3.17 மணி: 38 வாட்-ஹவர். சொன்னது 189. ஐந்தில் ஒரு பங்கு! 24 வாட் லோடில் இது ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். (ரெசிஸ்டர் கொதிக்கும், தரை ஓடு மேல் வைத்துச் செய்யுங்கள், கை வைக்காதீர்கள்.)

உள்ளே 12 செல், 18650 என்கிற அளவிலான உருளை லித்தியம் செல். ஒவ்வொன்றின் மேலும் 5000 என்று அச்சடித்திருக்கிறது. அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனி சரக்கே பெரும்பாலும் 2,500 முதல் 3,500 எம்ஏஹெச்தான், 4,000-ஐத் தொடுவதே அரிது. நல்ல 18650 ஒன்று 45 கிராமுக்குக் குறையாமல் இருக்கும், 12 செல் என்றால் 540 கிராம். பிளாஸ்டிக், போர்டு, வயர் எல்லாம் சேர்த்தே இந்த டப்பா 520 கிராம்தான். கழற்றிய செல் ஒன்று 29 கிராம். அளந்த 38 வாட்-ஹவரிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் செல்லுக்கு 1,000 எம்ஏஹெச் தேறுகிறது. 14,800 கொடுத்து வாங்கியது இதைத்தான்.

இரண்டாவது, பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே கருவிக்கு மின்சாரம் தருவது. அட்டையில் "பிஓஇ 48 வோல்ட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மீட்டர் வைத்தால் 24 வோல்ட், அதுவும் எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எப்போதும் பாய்ந்துகொண்டிருக்கிறது. 802.3 ஏஎஃப் என்கிற பிஓஇ தரத்தில் இயங்கும் போர்ட் முதலில் சின்ன வோல்ட்டேஜ் அனுப்பி, மறுமுனையில் 25 கிலோ ஓம் மின்தடை என்ற அடையாளம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே 44 முதல் 57 வோல்ட் வரை திறந்துவிடும். ஏஎஃப் தர ஐபி போன் 24 வோல்ட்டில் எழுந்திருக்காது. இரண்டு போனும் கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை. இதைவிட மோசம், அந்த கேபிளை யாராவது தெரியாமல் லேப்டாப்பில் சொருகினால் அதன் லேன் போர்ட் கருகிப் போக வாய்ப்பு உண்டு.

மூன்றாவது, "ஜீரோ மில்லிசெகண்ட்" மாற்றம். அடாப்டரைப் பிடுங்கியதும் உள்ளே ரிலே "டக்" என்கிறது, ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. நல்ல வடிவமைப்பில் பேட்டரி எப்போதும் டயோடு அல்லது மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வழியாக லைனிலேயே காத்திருக்கும், அடாப்டர் வோல்ட்டேஜ் விழுந்த கணத்தில் சுமையை ஏற்றுக்கொள்ளும். ரிலேயின் முள் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் தொடச் சில மில்லிசெகண்ட் ஆகும். அதைத் தாங்கும் அளவுக்கு ரவுட்டரின் உள்ளீட்டு கெப்பாசிட்டர் பெரிதாக இல்லாவிட்டால் ரீஸ்டார்ட்தான். ஓஎன்டி மறுபடி பதிவாகி லைன் எழும்வரை போனும் வேலை செய்யாது. பேசிக்கொண்டிருந்த கால் அறுந்துபோவதைத் தடுக்கத்தானே யுபிஎஸ்?

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை. கூடவே தந்த அடாப்டர் 12 வோல்ட் 2 ஆம்பியர், மொத்தம் 24 வாட். ஓஎன்டியும் ரவுட்டரும் 18 வாட் எடுத்துக்கொண்டால் சார்ஜ் ஏற்ற மிச்சம் 6 வாட். செல் உண்மையாகவே 222 வாட்-ஹவராக இருந்தாலும் நிரம்ப 37 மணி நேரம் ஆகும். இரண்டு போனும் ஓடினால் சார்ஜ் ஏறவே ஏறாது. தன் செல் போலி என்று தெரிந்தவன்தான் இப்படி அடாப்டர் தருவான்.

இனி அவர்கள் தட்டிக்கழித்த கதை. விற்பனையாளரின் முதல் பதில்: "மூணு தடவை ஃபுல் சார்ஜ் போட்டு எடுங்க சார், அப்புறம் செட் ஆகிடும்." லித்தியம் செல்லுக்கு அப்படி ஒரு பழக்கப்படுத்தலே கிடையாது. அது ரிட்டர்ன் காலத்தைக் கடத்தும் உத்தி. அடுத்தது, "உங்க ரவுட்டர் அதிக லோடு இழுக்குது." ரெசிஸ்டர் சோதனையை அனுப்பினால், "அது எங்க டெஸ்டிங் முறை இல்லை." பிஓஇ பற்றிக் கேட்டால், "ஸ்ப்ளிட்டர் போடணும் சார், தனியா வாங்கிக்கங்க." செல் எடையைப் படம் எடுத்து அனுப்பியதும் வந்தது பாருங்கள்: "டப்பா திறந்துட்டீங்க, வாரண்டி கிடையாது." திறக்காமல் உள்ளே இருப்பதை எப்படிக் காட்டுவதாம்?

தளத்தின் உதவி மையம் இன்னும் மேல். "உங்கள் வருத்தம் புரிகிறது" என்று ஒரு தானியங்கிச் செய்தி. பிறகு "பொருள் விவரித்தபடியே வழங்கப்பட்டுள்ளது" என்று புகாரை மூடிவிட்டார்கள். விவரிப்பே பொய் என்பதுதான் புகார் என்று எழுதினால், ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டதாம். 14,800-இல் ஒரு காசு திரும்பவில்லை. அதே கடையில் அதே டப்பா இப்போது 80,000 எம்ஏஹெச் என்ற புது ஸ்டிக்கரோடு நிற்கிறது. செல் எண்ணிக்கை அதே 12.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், அதற்கு இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை:

பார்சல் வந்ததும் எடை போடுங்கள். செல் எண்ணிக்கையை 45-ஆல் பெருக்கிய கிராமைவிட டப்பா குறைந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள், திறக்கவே வேண்டாம். எம்ஏஹெச் சொன்னால் "எத்தனை வோல்ட்டில்?" என்று கேளுங்கள், செல் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், 3,500-ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள்.

பிஓஇ அவுட்புட்டில் மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் சொருகாதீர்கள். 9 வோல்ட் கார்ட்லெஸ் போன் பேஸை 12 வோல்ட் பின்னில் மாட்டாதீர்கள், பின் ஒரே அளவில்தான் இருக்கும்.

ரிட்டர்ன் காலத்துக்குள்ளேயே முழு லோடில் அணையும்வரை ஓட்டி வீடியோ எடுங்கள், கடிகாரம் தெரிய வேண்டும்.

ஏற்கெனவே இந்த மாதிரி டப்பா வைத்திருந்தால், ராத்திரி சார்ஜில் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். திரைச்சீலை, காகிதம் பக்கத்தில் வைக்காதீர்கள். செல் சூடானாலோ உப்பினாலோ குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.