பனை கேட்டால் தென்னை தரும் ஏஐ: ஆச்சி கதைகளைக் காணொளியாக்கிய அனுபவம்

உடன்குடிப் பக்கம் எங்கள் ஆச்சி சொன்ன பனங்காட்டுக் கதைகளைச் சின்னச் சின்னக் காணொளிகளாக்கி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வருகிறேன். ஏஐ வீடியோ செயலிகளோடு குப்பை கொட்ட ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. குறைகள் எல்லாச் செயலிகளிலும் ஒன்றுதான் என்பதால் பெயர் வேண்டாம்.

முதல் தொல்லை தென்னைமரம். பனை என்று கேட்டாலும், ஓலை விசிறி மாதிரி விரிந்திருக்கும் என்று விளக்கினாலும், அடுத்த ஷாட்டில் தென்னை வந்து நிற்கும். ஊர்ப் பனையைப் போனில் படமெடுத்து, அதிலிருந்தே காணொளி செய்யச் சொன்ன பிறகுதான் அடங்கியது. காலில் தளைநார் மாட்டி, மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறும் பனையேறியை, இடுப்புக் கயிறும் ஹெல்மெட்டுமாக மலையேற்ற வீரராக்கிவிடுகிறது. பதநீருக்காகப் பாளை சீவுவது இன்னும் கூத்து. அருவாள் பாளைக்குள் போய், மறுபக்கம் பாளையாகவே வெளியே வரும். ஆச்சிக்குக் காதில் கனத்த பாம்படம் கேட்டால் ஜிமிக்கிதான். தோள்வரை தொங்கும் காதைக் குறையென்று நினைத்துத் திருத்திவிடுகிறது போல!

ஆனால் புகை, மழை, விடியல் இதெல்லாம் அபாரம். கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலிக்குள் பதநீர் நுரைத்துக் கொதிக்க, ஓலைக்கூரை வழியே புகை கசியும் காட்சியைப் பார்த்துச் சித்தப்பா, "ஏலே, இது நம்ம விடிலியில்லா!" என்றார்.

அதனால் வேலையைப் பிரித்துவிட்டேன். சூழல் ஏஐக்கு, கைவேலை கேமராவுக்கு. சிரட்டையில் பாகு ஊற்றும் கை என் அத்தையுடையது. 2025 மே மாதம் கூகுளின் வீடியோ ஏஐயான வியோ 3 வந்ததிலிருந்து ஒலியோடு காணொளி கிடைப்பது சகஜமாகிவிட்டது. சரி, தமிழ் பேசுமா? எனக்குக் கிடைத்ததெல்லாம் செய்தி வாசிப்புத் தமிழ். "வந்தாவ, போனாவ" என்று கதை சொல்ல அம்மா குரல்தான் வேண்டியிருக்கிறது.

ஆச்சியின் ஒரே புகைப்படத்தை அசைய வைக்கச் சொல்லி வீட்டுப் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். நான் இறங்கவில்லை. அது சிரித்தால் ஆச்சியின் சிரிப்பாக இருக்காது. அவளைப் பார்க்காத பிள்ளைகளுக்கு நாளைக்கு அதுதான் ஆச்சி என்று ஆகிவிடும். கதைகளில் அவள் முதுகுதான் தெரியும்.

அப்புறம், காசு. கிளிப் சொதப்பினாலும், காசு கட்டி வாங்கிய கிரெடிட் போனது போனதுதான். முதலில் குறைந்த தரத்தில் ஓட்டிப் பாருங்கள். வருடச் சந்தா பக்கமே போகாதீர்கள். அது முடிவதற்குள் இன்னொரு செயலி முந்தியிருக்கும்.