இரண்டாம் நாள் மதியமும் சில்லென்று: ஐஸ்பெட்டியா, கார் ஃபிரிட்ஜா, மண்பானையா?

கடற்கரையில் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி பாட்டுக் கேட்கப் போகிறவர்களுக்கு முதல் நாளைப் பற்றிக் கவலையே வேண்டாம். எதில் வைத்துக் கொண்டுபோனாலும் அன்று சாயங்காலம் வரை பானம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். உண்மையான பரீட்சை இரண்டாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு. விடிய விடியப் பறையும் கிட்டாரும் கேட்டுவிட்டு, கூடாரத்துக்குள் புழுக்கம் தாங்காமல் ஒவ்வொருவராக எழுந்து வந்து, "ஜில்லுன்னு ஏதாவது இருக்கா?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் பெட்டிக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் இந்த அலசல்.

ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரையில் நண்பர்கள் சேர்ந்து நடத்திய கச்சேரிக்கு எங்கள் கூட்டத்தின் பானப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தெர்மாகோல் பெட்டி, மண்பானை, கெட்டியான ஐஸ்பெட்டி, கார் ஃபிரிட்ஜ் என்று நாலையும் யோசித்துவிட்டு, கடைசியில் 50 லிட்டர் ஐஸ்பெட்டி ஒன்றை வாங்கினேன். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம்.

தெர்மாகோல் பெட்டி மீன் ஏற்றுமதி நடக்கிற நம் ஊரில் சல்லிசாகக் கிடைக்கும். குளிரையும் ஓரளவு நன்றாகவே பிடித்து வைக்கும். ஆனால் யாராவது ஒருவர் அதன்மேல் உட்காருவார். கட்டாயம் உட்காருவார். மூலை உடைந்ததும் வெள்ளை மணி மணியாக உதிர்ந்து, காற்றில் பறந்து கடலுக்குப் போகும். ஆமையும் கடல்பசுவும் திரிகிற தண்ணீர் அது. ஒரு பகல் மட்டும் போய்வருகிறவர்கள் பத்திரமாக வைத்துப் பத்திரமாகத் திருப்பி எடுத்துவந்தால் சரி. இரண்டு ராத்திரிக்கு வேண்டாம்.

மண்பானை விஷயத்தில் நிறையப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். "தாத்தா காலத்தில் எந்த ஃபிரிட்ஜ் இருந்தது?" என்று. பானையும் ஈரச்சாக்கும் குளிர்வது தண்ணீர் ஆவியாவதால். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறையும். மதுரைப் பக்கம் கோடையில் 38 டிகிரி வெயில், ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பானைத் தண்ணீர் 25 டிகிரியை ஒட்டி இறங்கலாம். நம் கடற்கரையில் 33 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கிற மதியத்தில் 28 டிகிரிக்குக் கீழே எந்தக் குயவர் செய்த பானையாலும் போக முடியாது. கடல் காற்று வீசினால் சீக்கிரம் அந்த 28-ஐத் தொடும், அவ்வளவுதான். குடிதண்ணீருக்கு அது போதும், தொண்டைக்கும் இதம். பவண்டோவை 28 டிகிரியில் குடிப்பது வேறு கதை.

சாக்கை மட்டும் கைவிடாதீர்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

மிச்சம் இருப்பது ஐஸ்பெட்டியும் கார் ஃபிரிட்ஜும். ஃபிரிட்ஜை நான் சொந்தமாக வைத்துக்கொண்டதில்லை, நண்பர் ஒருவருடையதை இரவல் வாங்கிப் பார்த்ததோடு சரி. அதனால் நாலைந்து வருடம் ஓட்டினால் எப்படி இருக்கும் என்பதை அதை வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். வாங்கப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கார் ஃபிரிட்ஜ் என்ற பெயரில் இரண்டு சாதனங்கள் விற்கிறார்கள். கம்ப்ரசர் உள்ளது நிஜ ஃபிரிட்ஜ், ஐஸே உறைய வைக்கும். இன்னொன்றில் கம்ப்ரசர் இருக்காது, மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்கிற சின்னச் சில்லு ஒன்றும் விசிறியும்தான். அது வெளி வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரி வரைதான் இறக்கும். சவுக்கு நிழலிலேயே 34 டிகிரி இருக்கும்போது கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விலை குறைவு என்று அதில் விழ வேண்டாம்.

கம்ப்ரசர் ஃபிரிட்ஜுக்கு ஐஸ் தேட வேண்டாம், லேபிள் ஊறிக் கிழியாது, உள்ளே தண்ணீர் தேங்காது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர் கூட வருகிறார் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், ஃபிரிட்ஜ்தான். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஐஸை ஒட்டிக் கிடந்து உறைந்துபோனால் அது வீண்.

சரி, கூட்டத்துக்குப் பானம் என்று வரும்போது ஏன் ஐஸ்பெட்டி? இங்கேதான் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் முடிவு முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க எவ்வளவு வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டுமோ, அதைப்போல 80 மடங்கு வெப்பத்தை ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுத்துக்கொள்கிறது. வெயிலில் கிடந்த 600 மில்லி பாட்டில் ஒன்றை 33 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 200 கிராம் ஐஸ் செலவு. மூடியைத் திறந்து மூடினால் எவ்வளவு போகும் தெரியுமா? உள்ளே இருக்கிற குளிர்ந்த காற்று முழுவதும் வெளியேறி, ஈரமான சூடான காற்று புகுந்தால்கூட, என் கணக்கில் 10 கிராம்கூட ஆகாது. "மூடியைத் திறக்காதே, திறக்காதே" என்று கத்துகிறோமே, அந்தக் கத்தலை வேறு இடத்தில் செலவழிக்க வேண்டும். ஐஸைத் தின்பது கடையிலிருந்து வாங்கிவந்து அப்படியே உள்ளே போடுகிற சூடான பாட்டில். அதைப் போடுகிறவரைப் பார்த்துக் கத்துங்கள்.

இதையே ஃபிரிட்ஜுக்குப் பொருத்திப் பாருங்கள். அரை லிட்டர் பாட்டில்கள் 24-ஐ வெயில் சூட்டோடு வைத்தால், சாதாரணக் கார் ஃபிரிட்ஜுக்கு அவற்றைக் குளிர வைக்கவே ஆறேழு மணி நேரம் ஆகும். அதுவும் இடையில் யாரும் புதிதாக எதையும் வைக்காமல் இருந்தால். கூட்டத்தில் அது நடக்கிற காரியமா? கம்ப்ரசர் ஓயாமல் ஓடினால் 4 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கார் பேட்டரியை நம்பி ராத்திரி முழுக்க ஓடவிட்டால் காலையில் வண்டியைத் தள்ளத்தான் ஆள் தேட வேண்டும். தனி பேட்டரி, சோலார் தகடு என்று போனால் செலவு எங்கோ போய்விடும். ஐஸ் தண்ணீருக்குள் முங்கிய பாட்டிலோ அரை மணி நேரத்தில் பல் கூசுகிற குளிர்ச்சிக்கு வந்துவிடும்.

அப்புறம் பெட்டியின் சுவர் வழியாக உள்ளே வருகிற வெப்பம். என்னுடையதைப் போன்ற ஃபோம் அடைத்த 50 லிட்டர் பெட்டியில், நிழலில் வைத்தாலும் ஒரு நாளைக்கு 6 முதல் 8 கிலோ ஐஸ் இப்படியே கரையும் என்பது என் உத்தேசக் கணக்கு. வெயிலில் வைத்தால் கூடுதல். ஈரச்சாக்குக்கு இங்கேதான் வேலை. பெட்டியின்மேல் சாக்கைப் போர்த்தி நனைத்துக்கொண்டே இருந்தால் வெளிச்சுவர் 28, 29 டிகிரியில் நிற்கும். பானத்தை நேரடியாகக் குளிர வைக்கத் தோற்றுப்போன அதே ஆவியாதல், பெட்டிக்குக் காவலாக நன்றாகவே வேலை செய்கிறது. நனைக்கக் கடல் தண்ணீரே போதும். இந்த மாவட்டத்தில் அதற்கு நல்ல தண்ணீரைச் செலவழித்தால் பெரியவர்கள் திட்டுவார்கள், நியாயம்தான். பெட்டியை மணலில் நேராக வைக்காமல் இரண்டு கட்டையோ பனை மட்டையோ அடியில் கொடுங்கள். மதிய மணல் காலையே பொத்துவிடும், பெட்டியை விட்டுவைக்குமா?

ஆக மொத்தம், இரண்டாம் நாள் மதியத்தைத் தாண்ட ஒரே வழி, பானங்களை முதலிலேயே குளிர்வித்துக்கொண்டு வருவது. பவண்டோ, மோர், தண்ணீர் எல்லாம் முதல் நாள் இரவே வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கட்டும். 12 லிட்டர் பானத்தைக் குளிர்ந்த நிலையில் உள்ளே வைத்தாலே 4 கிலோ ஐஸ் மிச்சம். பெட்டியும் முந்தின இரவே கொஞ்சம் ஐஸோடு மூடிக் கிடந்தால் நல்லது. நடுவில் புதிதாக வாங்கி வருகிற பாட்டில்களுக்குத் தனியாக ஒரு வாளி. அதில் உடைத்த ஐஸ், தண்ணீர், ஒரு கை கல்லுப்பு. வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கிற மாவட்டத்தில் உப்புக்கா பஞ்சம்? உப்புப் போட்டால் ஐஸ் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிப் பாட்டிலைச் சட்டென்று குளிர வைக்கும், ஐஸும் அதே வேகத்தில் கரையும். அதனால் இது வாளிக்கு மட்டும். பெட்டிக்குள் உப்புப் போடாதீர்கள். சோடாவை வாளியில் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்கப் போய்விடவும் வேண்டாம், உறைந்தால் வெடிக்கும்.

ஐஸ் எங்கே வாங்குவது என்பதில் நம் கடற்கரைக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று படகு நிற்கிற இடத்திலெல்லாம் ஐஸ் கம்பெனி இருக்கிறது. ஊரில் பாக்கெட்டில் விற்கிற ஐஸ் கட்டிகளோடு ஒப்பிட்டால் விலை ஒன்றுமே இல்லை. "தூளா, பாரா?" என்று கேட்பார்கள். பார் என்றால் பெரிய ஐஸ் பாளம். "பாராவே குடுங்கண்ணே" என்று சொல்லுங்கள். தூள் ஐஸ் படகில் மீனுக்கு இடையில் கொட்டுவதற்கு அருமை, ஆனால் பரப்பு அதிகம் என்பதால் சீக்கிரம் கரையும். பெரிய பாரைப் பெட்டி அளவுக்கு உடைத்து வாங்கிக்கொண்டால் இரண்டாம் நாள் வரை கட்டியாகவே கிடக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஐஸ் மீனுக்கானது, வயிற்றுக்கு ஆகாது. உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2018-ல் சொன்னது. நிறம் இல்லாமல் பளிங்குபோல இருந்தாலும் டம்ளரில் போடாதீர்கள். மூடிய பாட்டிலுக்கு வெளியே மட்டும்தான் அதற்கு இடம். நன்னாரி சர்பத்துக்கு ஐஸ் வேண்டுமே என்றால், குடிதண்ணீரை ஒரு லிட்டர் பாட்டில்களில் முக்கால் அளவு ஊற்றி வீட்டு ஃப்ரீசரில் உறைய வைத்து எடுத்துவாருங்கள். அவை பெட்டிக்கு ஐஸாகவும் இருக்கும், உருக உருகக் குடிக்கவும் ஆகும். நான் பாதிக்குப் பாதி கலந்துதான் வைக்கிறேன், அடியில் கம்பெனி பார், மேலே உறைந்த பாட்டில்.

உருகிய தண்ணீரை வடிப்பதா வேண்டாமா என்று இரண்டு கட்சி உண்டு. நான் வடிக்காத கட்சி. பூஜ்யத்தை ஒட்டிய தண்ணீர் பாட்டிலை எல்லாப் பக்கமும் தழுவிக் குளிர வைக்கும், காற்றால் அது முடியாது. புது ஐஸ் போடும்போது மட்டும் இடத்துக்காக வடிக்கலாம்.

என்ன பானம் என்பதில் ருசிக்கு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, விருதுநகரில் 1916-ல் தொடங்கிய காளிமார்க் குடும்பத்தின் பவண்டோவுக்கு என் ஓட்டு என்பதைத் தவிர. கோலி சோடா, பன்னீர் சோடா எல்லாம் கண்ணாடிப் பாட்டிலில் வருவதால் வேண்டாம். இருட்டில் வெறுங்காலோடு ஆடுகிற மணல் அது. இளநீரைப் பெட்டிக்குள் திணிக்காதீர்கள், இடத்தை அடைக்கும். மட்டையே அதற்கு உறை, நிழலில் குவித்து ஈரச்சாக்குப் போட்டால் போதும். பதநீர் கிடைக்கிற பருவம் என்றால் காலையில் வாங்கிக் காலையிலேயே குடித்துவிடுங்கள். சுண்ணாம்பு இருந்தாலும் வெயில் ஏற ஏறப் புளிக்கும். ஐஸில் வைத்தால் சில மணி நேரம் தள்ளிப்போகும் என்பதற்காக மூடியை இறுக்கி அடைத்துவைக்க வேண்டாம்.

பெட்டி வாங்கும்போது மூடியைத் தட்டிப் பாருங்கள். விலை குறைந்த சிலவற்றில் சுவரில் ஃபோம் இருக்கும், மூடி மட்டும் வெற்றுக் கூடாக இருக்கும், தட்டினால் டொக்கென்று கேட்கும். மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் திருகு வைத்த வடிகால், இரும்பு இல்லாத கீல், இவை இருந்தால் உப்புக் காற்றுக்கு அஞ்ச வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, மூடியைத் திறந்துவைத்துக் காயவிட்டால் பராமரிப்பு முடிந்தது. கார் ஃபிரிட்ஜின் விசிறிக்குள் புகுந்த மணலையும் உப்பையும் அப்படிக் கழுவ முடியாது. வெளிநாட்டுத் தயாரிப்பான தடித்த சுவர்ப் பெட்டிகள் ஐந்து நாள் தாங்கும் என்கிறார்கள். நான் பயன்படுத்தியதில்லை, இரண்டு ராத்திரிக்கு அவ்வளவு பணம் எதற்கு என்பது மட்டும் என் கேள்வி.

ஒரே ஒரு சிக்கல் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஐஸ் கம்பெனிகளிலும் வேலை குறைந்துவிடும். வெயில் உச்சத்தில் நமக்கு ஐஸ் அதிகம் தேவைப்படுகிற நேரமும் அதுதான். அந்த மாதங்களில் நிகழ்ச்சி என்றால் முந்தின நாளே கம்பெனிக்கு ஃபோன் போட்டு, பார் இருக்குமா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். இல்லை என்றால் ஃப்ரீசரில் உறைய வைக்கிற பாட்டில்களை இரட்டிப்பாக்குங்கள், பக்கத்து வீட்டு ஃப்ரீசரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.