3,400 பவுண்டு போய்விட்டது: பழைய ஸ்பிட்ஃபயர் காரை டிங்கரிங் வேலைக்கு விடப்போகிறவர்கள் படித்துவிட்டு விடுங்கள்

நேற்று சாயங்காலம் வேறொரு மெக்கானிக் என் காரை லிஃப்டில் தூக்கி, கதவுக்குக் கீழே ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. புதுத் தகடு போட்டதாகச் சொல்லி என்னிடம் 3,400 பவுண்டு வாங்கிய இடம் அதுதான். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்கள் யாராவது பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, கையில் இருக்கிற காசுக்குள் சரிபண்ணி ஓட்டலாம் என்று நினைத்திருந்தால் இதைப் படியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கார் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500, 1978 மாடல். எதற்கு இந்தக் கார் என்று வீட்டிலேயே கேட்டார்கள். அப்பா திருச்சியில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருந்தார். மெட்ராஸில் செய்த கார் அது. போனட்டும் முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். அப்பா டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை பார்ப்பார், நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டின் கூடப்பிறந்தது. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். ஹெரால்டின் சேசிஸை நீளம் குறைத்துத்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். வேலைக்காக நான் வந்து சேர்ந்த ஊர் கோவென்ட்ரி. 1980 வரை ஸ்பிட்ஃபயர் தயாரான கேன்லி தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. முதல் தடவை ஒரு ஸ்பிட்ஃபயரின் போனட்டைத் திறந்து பார்த்தபோது அப்பாவின் கார் வாசனையே வந்தது. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

மூன்று வருடம் நைட் ஷிஃப்டும் ஓவர்டைமும் பார்த்துச் சேர்த்தது 6,000 பவுண்டு. அதற்கு மேல் ஒரு பென்னி கிடையாது என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு பெரியவரின் ஷெட்டில் பதினொரு வருடம் நின்றுபோயிருந்த காரை 1,900-க்கு வாங்கினேன். அவர் நல்ல மனுஷர். "சில் ரெண்டு பக்கமும் போயிடுச்சு, அதைச் சரிபண்ணாம ரோட்டுல இறக்காதே" என்று சொல்லித்தான் கொடுத்தார். சில் என்றால் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் இரும்புப் பகுதி. அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

எஞ்சின் வேலையை நானே பார்த்துக்கொண்டேன். இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்தேன். பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாம் புதிது. முன் சக்கரம் திரும்புவதற்கு இருக்கும் ட்ரன்னியன் என்ற மூட்டுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, ஈ.பி. 90 கியர் எண்ணெய்தான் விட வேண்டும் என்பதைக்கூடப் படித்துத் தெரிந்துகொண்டேன். கிளட்சை மிதித்துக்கொண்டு கிராங்க் புல்லி முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று பார்த்தேன். இந்த 1500 எஞ்சினில் கிராங்கை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து கீழே விழுந்துவிட்டால் எஞ்சினே போய்விடும். நல்லவேளை, ஆட்டம் இல்லை. வெல்டிங் மட்டும் எனக்குத் தெரியாது. அந்த ஒன்றுக்காகத்தான் இன்னொருவரிடம் போனேன்.

இந்தக் காரில் சில் என்பது வெறும் அலங்காரத் தகடு கிடையாது. ஹெரால்டின் சேசிஸில் பக்கவாட்டில் உடம்பைத் தாங்க இரும்புக் கைகள் உண்டு. ஸ்பிட்ஃபயரில் அதை எடுத்துவிட்டு, அந்தப் பாரத்தைக் கதவுக்குக் கீழே ஓடும் சில்லின் மேல் போட்டார்கள். உள் சில், நடுவில் ஒரு பலத் தகடு, வெளிச் சில் என்று மூன்று அடுக்கு. மேலே கூரையும் இல்லாத கார். சில் துருப்பிடித்தால் உடம்பு நடுவில் தொங்கிவிடும். பின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் ரேடியஸ் ஆர்ம் வந்து மாட்டுவதும் அந்தச் சில்லின் பின்முனைக்குப் பக்கத்தில், உடம்பில்தான். அதனால் பழைய சில்லை அறுப்பதற்கு முன்னால் கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்ட் பண்ணி நிறுத்த வேண்டும். இல்லையென்றால் வாசல் சுருங்கி, பிறகு கதவு சேரவே சேராது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், அந்த ஆள் இதையெல்லாம் நான் கேட்பதற்கு முன்னாலேயே தன் வாயால் சொன்னார். நான் ஏமாந்தது அங்கேதான்.

பழைய கார் பிரியர்களின் இணையக் குழு ஒன்றில் கிடைத்த ஆள். ஊரையும் பெயரையும் எழுதவில்லை, வழக்குப் போடப் போகிறேன். ஊருக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் கொட்டகை. உள்ளே போனதும் பச்சை நிற ஸ்பிட்ஃபயர் ஒன்று நின்றது, கதவு வாசலில் குறுக்குக் குழாய் வைத்து அழகாக வெல்ட் பண்ணியிருந்தது. "இப்படித்தான் செய்வேன், அவசரப்பட மாட்டேன்" என்றார். மூன்று அடுக்கைப் பற்றிச் சொன்னார், ரேடியஸ் ஆர்ம் பற்றிச் சொன்னார். அப்பாவின் ஹெரால்டு பற்றிச் சொன்னேன். வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்டார். டீ போட்டுக் கொடுத்தார். "உங்க அப்பாவுக்கு வேலை முடிஞ்சதும் ஒரு போட்டோ அனுப்பணும்" என்றார். அந்த வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். விவரம் தெரிந்தவர் வேலையையும் ஒழுங்காகச் செய்வார் என்று நினைத்துவிட்டேன். அந்தப் பச்சைக் கார் எத்தனை நாளாக அப்படியே நிற்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. ஏழு மாதம் கழித்துப் போனபோதும் அதே இடத்தில், அதே குழாயோடு, மேலே தூசியோடு நின்றது.

இரண்டு பக்கச் சில், தரைத் தகட்டு ஓரம், அடிப்பூச்சு எல்லாம் சேர்த்து 3,400 என்று பேசினோம். பேசினோம் என்றுதான் சொல்ல முடியும், எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. அன்றைக்கே 1,400 அட்வான்ஸ். மூன்றாவது வாரம் "தகடு எல்லாம் ஆர்டர் பண்ணணும்" என்று 1,200. அடுத்த மாதம் "பழையதை வெட்டி எடுத்தாச்சு, வெல்டருக்குக் கூலி கொடுக்கணும்" என்று 800. மொத்தம் 3,400. எல்லாமே வங்கிப் பரிமாற்றம். கார்டு வாங்கும் மெஷின் கெட்டுப்போய்விட்டது என்றார், நம்பினேன்.

அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வெட்டினதை நீ கண்ணால பாத்தியாடா? டிங்கர் வேலையப் பட்டி போடுறதுக்கு முன்னாடி பாக்கணும் தம்பி. பெயிண்ட் அடிச்சப்புறம் எல்லாம் புதுசாத்தான் தெரியும்." இங்கே அப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள் அப்பா என்று சொன்னேன். அப்படிச் சொன்னதற்காக இன்று அவரிடம் பேசவே கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. படம் அனுப்புங்கள் என்றால், போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. நேரில் வருகிறேன் என்றால், இன்றைக்குக் கொட்டகை பூட்டியிருக்கும். தகடு தவறான பக்கத்துக்கு வந்துவிட்டது, திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெல்டருக்கு முதுகுவலி. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதைப் படித்ததற்கு இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. ஐந்தாவது மாதம் ஒரு சனிக்கிழமை சொல்லாமல் போனேன். கார் மேல் தார்ப்பாய். விலக்கப் போனேன், கையைப் பிடித்துத் தடுத்தார். "பிரைமர் காயுது, தூசி பட்டா எல்லாம் வீண்" என்றார். அந்த வாசலில் நின்றுகொண்டு நானும் சரி என்று தலையாட்டினேன்.

ஏழாவது மாதம் கார் ரெடி என்று செய்தி வந்தது. பளபளவென்று இருந்தது. அடியில் தார் மாதிரி கெட்டியாகக் கறுப்புப் பூச்சு. டிரைவர் பக்கக் கதவு மூடும்போது பின் ஓரத்தில் உரசியது. கேட்டதற்கு, "கீல் செட் ஆக ஒரு மாசம் ஆகும்" என்றார். கார் ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் எம்.ஓ.டி. சோதனை ஒன்று போட்டுவிடலாமா என்றேன். "நாற்பது வருஷம் தாண்டின காருக்கு அது எதுக்கு? வீண் செலவு" என்றார். 2018 மே மாதத்திலிருந்து நாற்பது வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு வருடாந்தர எம்.ஓ.டி. கட்டாயம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதுதான் இந்த மாதிரி ஆட்களுக்கு வசதி. அவர்கள் செய்த வேலையை வேறு யாரும் நிமிர்ந்து பார்க்கப் போவதில்லை. கார் ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற சட்டம் மட்டும் அப்படியே நம் தலையில்தான் இருக்கிறது.

நேற்று ஹேண்ட்பிரேக் கேபிள் மாற்றப் போன இடத்தில் அந்த மெக்கானிக் ஜாக்கி வைத்துப் பக்கவாட்டில் தூக்கினார். கதவைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. கார் நடுவில் மடிந்து கதவை இறுக்கிக்கொண்டது. அவர் முகம் மாறிவிட்டது. உடனே இறக்கி, லிஃப்டுக்கு மாற்றினார். ஒரு சின்னக் காந்தம் எடுத்துச் சில் மேல் ஓட்டினார், பாதி இடத்தில் ஒட்டவே இல்லை. அவ்வளவும் பட்டி. கறுப்புப் பூச்சைச் சுரண்டினால், அழுகிப்போன பழைய சில் மேலேயே மெல்லிய மூடி மாதிரி ஒரு தகட்டை வைத்து, பாப் ரிவெட் அடித்து, அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி நாலு இடத்தில் வெல்ட். நடுவில் இருக்க வேண்டிய பலத் தகடு இல்லை. உள் சில் கையால் நொறுங்கியது. ரேடியஸ் ஆர்ம் மாட்டும் இடத்தில் துருவுக்குள் நுரையை அடைத்திருந்தார்கள். தலையணைக்குள் வைப்பதுபோல.

அந்தக் காரில் போன ஞாயிற்றுக்கிழமை என் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். அவனுக்கு ஒன்பது வயது. 3,400 பவுண்டைக்கூட விடுங்கள், இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அங்கிருந்தே அந்த ஆளுக்குப் போன் போட்டேன். "பழைய கார்னா இப்படித்தான், நீ வாங்கினது குப்பை, என்னால முடிஞ்சதைச் செஞ்சேன்" என்றார். அப்பாவுக்குப் போட்டோ அனுப்பச் சொன்ன அதே வாய். பில் கேட்டேன், "அப்போ கேக்கலையே" என்று வைத்துவிட்டார். இரண்டாவது தடவை எடுக்கவில்லை. இணையக் குழுவை நடத்துபவர்களிடம் சொன்னேன், நாங்கள் விளம்பரம் போட இடம் கொடுக்கிறோம், அவ்வளவுதான் என்று இரண்டு வரி பதில். என் பதிவையும் எடுத்துவிட்டார்கள். வங்கியில் நாற்பது நிமிடம் காத்திருந்து பேசினேன். ஏதோ வேலை செய்து காரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், அதனால் இது மோசடிக் கணக்கில் வராது, உங்கள் இருவருக்கும் இடையே உள்ள தகராறு என்றார்கள். கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் 100 பவுண்டுக்கு மேற்பட்ட வேலைக்குக் கார்டு கம்பெனியிடமே கேட்டிருக்கலாம். மெஷின் ஏன் கெட்டுப்போனது என்று இப்போது புரிகிறது.

இப்போது நிலவரம்: 1,900 கார், 3,400 அந்த ஆளுக்கு, மீதி 700 பிரேக்குக்கும் டயருக்கும். 6,000 முடிந்தது. புது மெக்கானிக், மேலே ஒட்டியதை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டுத்தான் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், தொடாமல் கொண்டுவந்திருந்தால் வேலை குறைவாக இருந்திருக்கும் என்கிறார்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். ஷிஃப்டுக்கு இன்னும் அரை மணிநேரம்தான் இருக்கிறது, முக்கியமானதை மட்டும் போட்டுவிடுகிறேன்.

வங்கிப் பரிமாற்றம் வேண்டவே வேண்டாம். கிரெடிட் கார்டு வாங்க மாட்டேன் என்றால் அங்கிருந்து வந்துவிடுங்கள்.

எந்தத் தகடு, எத்தனை அடுக்கு, எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பழையதை வெட்டிய பிறகு நேரில் போய்ப் பாருங்கள், அப்புறம்தான் அடுத்த பணம். பட்டியோ கறுப்புப் பூச்சோ போடும் முன் இன்னொரு தடவை பாருங்கள். தார்ப்பாயை விலக்க விடவில்லை என்றால் அன்றைக்கே காரை எடுத்துவிடுங்கள்.

எம்.ஓ.டி. கட்டாயம் இல்லாவிட்டாலும் நீங்களே கேட்டுப் போடலாம். அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. சீட் பெல்ட், சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களைச் சுற்றி 30 செ.மீ.க்குள் துரு அரித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரிவெட் அடித்து ஒட்டுப்போட்டதை ஏற்க மாட்டார்கள். நான் அந்த 54.85-ஐ மிச்சம் பிடித்தேன்.

காந்தம் ஒன்று பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே போடலாம். வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று 2015-ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. லிஃப்டில் எடுத்த படங்களோடும் மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கையோடும், 14 நாளில் 3,400 பவுண்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கடிதம் இன்று காலை பதிவுத் தபாலில் போட்டிருக்கிறேன். இதே மாதிரி வழக்குப் போட்டவர்கள் யாராவது இருந்தால், மெக்கானிக் அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். கார் வீட்டு வாசலில் நிற்கிறது, சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.